கோடை இரவில் ஒரு புகைப்பட விழா

திரைப்படக் கொட்டகையில் விளக்குகள் அணைவதற்கு முன் திரையைக் கவனித்திருப்பீர்கள். அது வெள்ளை வெளேரென்று இருக்கும். சற்று நேரத்தில் படம் தொடங்குகிறது. கதாநாயகியின் கருங்கூந்தல் அதே வெள்ளைத் திரையில் தெரிகிறது. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? புரொஜெக்டர் கறுப்பு நிற ஒளியை அனுப்பியதா? அப்படி ஓர் ஒளி கிடையாது. கூந்தல் தெரியும் இடத்துக்குப் புரொஜெக்டர் ஒளியை ஏறக்குறைய அனுப்பவே இல்லை, அவ்வளவுதான். கொட்டகையின் இருட்டைத்தான் நாம் கூந்தல் என்று எண்ணிக்கொள்கிறோம். யாராவது பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டால் அந்தக் கூந்தல் உடனே நரைத்துவிடும்!

இந்தச் சிறிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, சுவிட்ஸர்லாந்து நாட்டின் லோசான் நகருக்கு வாருங்கள். ஜெனீவா ஏரியின் வடகரையில், சரிவான நிலத்தில் அமைந்த ஊர் அது. அங்கே ஏரியை நோக்கிய ஒரு தோட்டத்தின் நடுவில், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட எலிஸே என்னும் மாளிகை இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு ஷார்ல்-ஆன்ரி ஃபாவ்ரோ என்பவர் முன்னின்று அதைப் புகைப்படத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமாக ஆக்கினார். புகைப்படத்தை ஓவியக் கூடத்தின் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்காமல், அதற்கென்றே தனி மாளிகை கொடுத்தது ஐரோப்பாவிலும் அந்நாளில் அரிய செயலே.

சாம் ஸ்தூர்ட்ஸே 2010-இல் இந்த அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். அவர் காலத்தில் கோடை விழா ஒன்று அங்கே தொடங்கியது. பெயர் ‘படங்களின் இரவு’. ஜூன் மாதக் கடைசியில் ஒரே ஓர் இரவு. நுழைவுக் கட்டணம் கிடையாது. தோட்டத்து மரங்களுக்கிடையே பல திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படக் கலைஞரின் படங்கள் மாறி மாறி விழும். இசை உண்டு, தின்பண்டம் உண்டு, புல்தரையில் கால் நீட்டி உட்காரலாம். பிரான்சில் ஆர்ல் நகரில் 1970 முதல் நடக்கும் புகைப்பட விழாவில், பழைய ரோமானிய அரங்கில் இரவுதோறும் திரையிடும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தின் நெருங்கிய உறவு இது எனலாம். ஸ்தூர்ட்ஸே 2014-இல் அந்த ஆர்ல் விழாவுக்கே இயக்குநராகச் சென்றார் என்பதும் குறிப்பிடத் தக்கது.

விழாவைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆனால் முதலில் அதன் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புகைப்பட அருங்காட்சியகத்துக்குள் முதன்முறை போகிறவர்கள், “ஏன் இவ்வளவு மங்கலாக வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்பது வழக்கம். பழைய படங்கள் இருக்கும் கூடங்களில் ஒளியின் அளவு 50 லக்ஸ் அளவிலேயே நிறுத்தப்படுகிறது. ஒளியால் பிறந்த புகைப்படத்துக்கு ஒளியே எமன். சாயங்களின் மூலக்கூறுகளை அது சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. கெடுதலைக் கணக்கிடுகிறவர்கள் ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கிப் பார்ப்பார்கள். ஒரு வண்ணப் படத்தை 50 லக்ஸில், நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் மாட்டி வைத்தால் 50 x 8 x 90 = 36,000 லக்ஸ்-மணி. நல்ல வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அப்படியானால் மூன்று மாதக் கண்காட்சியில் அந்தப் படம் வாங்கும் அடியை, முற்றத்து வெயிலில் 22 நிமிடத்தில் வாங்கிவிடும். மூன்று மாதம் மாட்டிய படத்தை மீண்டும் இருட்டறையில் நீண்ட காலம் ஓய்வெடுக்க வைப்பது இதனால்தான்.

ஆகவே ஓர் அருங்காட்சியகத்தின் செல்வத்தில் பெரும்பகுதி எப்போதும் பெட்டிக்குள்ளேயே உறங்கும். இங்கேதான் இரவு விழா வந்து உதவுகிறது. மூலப்படத்தை ஒருமுறை நகலெடுத்துக்கொண்டால் போதும். அந்த நகலை ஆயிரம் தடவை திரையில் காட்டலாம். மூலத்துக்கு ஒரு கீறலும் விழாது. பகலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகத் தயங்கும் மனிதர், இரவில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார். கட்டணமில்லாத ஓர் இரவு செய்யும் நன்மை சிறிதன்று. இவை இரண்டையும் நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் வழக்கு. அந்த மனிதரும் பிள்ளைகளும் அன்றிரவு பார்த்தது எதை?

முதல் தடை சூரியனே. நம் ஊரில் சூரியன் மறைந்த அரைமணிக்குள் இருட்டிவிடும்; டூரிங் கொட்டகைக்காரர்கள் அதை நம்பித்தான் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். லோசான் 46½ பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே சூரியன் நேராக முழுகுவதில்லை. சாய்ந்து சாய்ந்து, போக மனமில்லாதவர் போல இறங்குகிறது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையும்போது கடிகாரம் இரவு 9.30 காட்டும். (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதும் இதற்கு ஒரு காரணம்.) தொடுவானத்துக்கு 6 பாகை கீழே இறங்க மேலும் 40 நிமிடம் ஆகும். 12 பாகை இறங்கும்போது மணி 11 ஆகிவிடும். வானியலார் முழு இருட்டு என்று ஒத்துக்கொள்ளும 18 பாகைக்கு நள்ளிரவு 12.20 வரை காத்திருக்க வேண்டும். மீண்டும் 2.50-க்கெல்லாம் கிழக்கே வெளுக்கத் தொடங்கிவிடும். ஆண்டு முழுவதிலும் திரையிடுவதற்கு மிக மோசமான இரவு எது என்று ஒரு பௌதிக ஆசிரியரைக் கேட்டால், தயங்காமல் இந்த இரவைத்தான் காட்டுவார்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 லூமென் ஆற்றலுள்ள நல்ல புரொஜெக்டர் ஒன்று. எட்டு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் உயரமும் கொண்ட திரை. பரப்பு 40 சதுர மீட்டர். திரையின் மிக வெளிச்சமான இடத்தில் 250 லக்ஸ் விழும். சூரியன் மறைந்து 40 நிமிடம் ஆனபின் வானிலிருந்து வரும் ஒளி சுமார் 3 லக்ஸ். புரொஜெக்டர் ஒன்றும் அனுப்பாத இடத்திலும் இந்த 3 லக்ஸ் இருக்கத்தான் செய்யும். ஆக, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 80-க்கு ஒன்று. நன்றாக அச்சிட்ட ஒரு வெள்ளித் தாள் படத்தில் இது 100-க்கு ஒன்றைத் தொடும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதே திரையை 9.30 மணிக்குப் பாருங்கள். அப்போது வெட்டவெளியில் சில நூறு லக்ஸ் இருக்கும். விகிதம் இரண்டுக்கு ஒன்றுகூடத் தேறுவது கடினம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் முகம் சாம்பல் பூசிய முகமாகிவிடும்.

இருட்டிய பிறகும் தொல்லை தீர்வதில்லை. பக்கத்துத் திரையின் ஒளி, பலகாரக் கடையின் விளக்கு, வழிநடப்பவர் கால் இடறாமலிருக்க வைத்த விளக்கு என்று எல்லாம் சேர்ந்து அந்த 3 லக்ஸின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வழி விளக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டிமார்களும் வருகிறார்கள் அல்லவா? ஆனால் நிகழ்ச்சி நிரலைச் சூரியனையும் கேட்டுக்கொண்டு தயாரிக்கலாமே! பனி, கடற்கரை, வெயில் தெரு போன்ற வெளிச்சமான படங்களை முன்னிரவில் போடலாம். இரவு வீதிகள், சுரங்கங்கள், இருண்ட அறையில் சன்னலோர முகங்கள், இவற்றை 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கலைஞரின் புகழை வைத்து மணி ஒதுக்கினால் என்ன ஆகும்? சிறு பிள்ளைகளோடு வந்த குடும்பம் பத்தரைக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடும். யாருக்காகக் கட்டணத்தை எடுத்தார்களோ அவர்களுக்கு நரைத்த படங்கள். எப்படியும் பகலில் சீட்டு வாங்கிப் பார்க்கக் கூடியவர்களுக்கு, நள்ளிரவில் நல்ல படங்கள்.

அடுத்தது அளவு. இதைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஹங்கேரியில் பிறந்த ஆந்த்ரே கெர்ட்டேஸ் 1925-இல் பாரிஸுக்கு வந்தபோது, தம் படங்களை அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்டார். உள்ளங்கையில் அடங்கும் படங்கள் அவை. முகத்தருகே கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு கடிதம் படிப்பது போன்ற தனிமை அதில் உண்டு. ஜெர்மானியரான ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி 1999-இல் ரைன் நதியை எடுத்த படமோ மூன்றரை மீட்டருக்கு மேல் அகலமானது. அதன் முன் நிற்கும்போது அதை ஒரே பார்வையில் அள்ள முடியாது. நடந்துதான் பார்க்க வேண்டும். ஒருவர் நம்மை அருகே அழைக்கிறார். மற்றவர் நம்மைப் பின்னால் நகரச் சொல்கிறார். இருவருடைய படத்தையும் தோட்டத்துத் திரையில் போடுங்கள். இரண்டும் எட்டு மீட்டர்! கலைஞர்கள் யோசித்து யோசித்து எடுத்த ஒரு முடிவைப் புரொஜெக்டரின் லென்ஸ் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. பார்த்தவருக்கு இது தெரியவும் தெரியாது. “கெர்ட்டேஸின் படத்தைப் பார்த்தேன், சுவர் அளவு இருந்தது” என்று மறுநாள் ஒரு மாணவன் சொன்னால் அவனைத் திருத்துவது யார்?

இதைவிட வேடிக்கையான எடுத்துக்காட்டு அந்த அருங்காட்சியகத்தின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. காப்ரியேல் லிப்மன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செய்த வண்ணத் தட்டுகளின் பெரிய தொகுப்பு ஒன்று எலிஸேயிடம் உண்டு. லிப்மனுக்கு 1908-இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது இந்தத் தட்டுகளுக்காகத்தான். அவற்றில் ஒரு துளிச் சாயமும் இல்லை. கண்ணாடித் தட்டில் மிக நுண்ணிய வெள்ளி உப்புக் கலவையைப் பூசி, அதன் பின்புறம் பாதரசத்தைத் தொட வைத்தார். உள்ளே வந்த ஒளி அலையும், பாதரசத்தில் மோதித் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று மோதி நிலையலைகளாக நின்றன. அலை உச்சமாக இருந்த இடங்களில் வெள்ளி படிந்தது. பச்சை ஒளிக்கு இந்த அடுக்குகளின் இடைவெளி சுமார் 183 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் ஐயாயிரத்துக்கு மேல் அடுக்கலாம் என்னும் நெருக்கம். பிறகு வெள்ளொளியில் தட்டைப் பிடித்தால், அந்த அடுக்குகள் தமக்குரிய அலைநீளத்தை மட்டும் வலுப்படுத்தித் திருப்பி அனுப்புகின்றன. சோப்புக் குமிழியிலும் மயிலிறகிலும் நிறம் பிறக்கிற வழியும் இதற்கு உறவுதான்.

இந்தத் தட்டைச் சரியான கோணத்தில் பிடித்தால்தான் நிறம் தெரியும். சற்றுத் திருப்பினால் நிறம் போய்விடும்; வெறும் மங்கிய கண்ணாடி. 2021-இல் அதே லோசான் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், இத்தகைய தட்டுகள் திருப்பி அனுப்பும் நிறமாலை மூலக் காட்சியின் நிறமாலைக்கு முற்றும் ஒத்ததன்று, ஒழுங்கான ஒரு திரிபு அதில் உண்டு என்று காட்டினார்கள். அந்தத் திரிபைக் கணக்கிட்டு, பழைய ஒளியை மீட்கும் வழியையும் கூறினார்கள். நூறாண்டுக்கு முன்பு ஒரு பூச்செடி மீது விழுந்த ஒளியின் நிறமாலையைத் தேடிப் பிடிக்கும் முயற்சி! இப்படிப்பட்ட தட்டை ஒரு கேமராவால் நகலெடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவையாகத் திரையில் போட்டால், அது மயிலிறகை வண்ணப் பென்சிலால் வரைந்து காட்டியது போலத்தான். வரைந்தது அழகாகவே இருக்கலாம். மயிலிறகு ஆகாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, திரையில் புகைப்படம் காட்டுவதே தவறு என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். திரைக்கென்றே பிறந்த படங்களும் உண்டு. ஜேக்கப் ரீஸ் என்ற செய்தியாளர் 1888-இல் நியூயார்க் நகரத்துச் சேரி வாழ்க்கையின் படங்களை மாய விளக்கின் உதவியால் திரையில் காட்டிப் பேசினார். கண்ணாடித் தட்டு வழியே ஒளி பாய்ந்து, இருண்ட கூடத்தில், நூற்றுக்கணக்கானவர் ஒருமித்துப் பார்த்த படங்கள் அவை. அச்சிட்ட தாளில் அவற்றைப் பார்ப்பதுதான் இரண்டாந்தரம். லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் தட்டும் இந்த வகையே. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா நிறமேற்றித் தட்டில் பரப்பினார்கள். ஒளி பின்னாலிருந்து ஊடுருவினால்தான் அந்தப் படம் உயிர் பெறும். 1936 முதல் கோடக்குரோம் பிலிமில் எடுத்த சிறு ஸ்லைடுகள் வீட்டுக்கு வீடு வந்தன. கோடக் நிறுவனத்தின் வட்டத் தட்டுப் புரொஜெக்டர் 1961-இல் வந்து, 2004 வரை தயாரிக்கப்பட்டது. ஹெலன் லெவிட் எடுத்த நியூயார்க் தெருக்களின் வண்ணப் படங்களை அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1974-இல் ஸ்லைடுகளாகவே தொடர்ந்து ஓட்டிக் காட்டியது. ‘அச்சுப் பிரதி எங்கே?’ என்று அங்கே கேட்பது பொருளற்றது.

கோடக்குரோமில் ஒரு விசித்திரம் உண்டு. இருட்டில் வைத்தால் அதன் சாயங்கள் பல்லாண்டுகள் அசையாமல் இருக்கும். அந்த வகையில் அதற்கு நிகரான வண்ணப் பிலிம் அரிது. ஆனால் புரொஜெக்டரின் கடும் ஒளியில் மற்றப் பல பிலிம்களைவிட விரைவாக வெளுத்துவிடும். காட்டவே பிறந்தது, காட்டக் காட்டத் தேய்வது. எனவே இன்று அதற்கும் நகலே திரைக்கு வருகிறது. இங்கே நகல் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளி, இருட்டு, திரை, கூட்டம் ஆகிய நான்கும் மாறவில்லை அல்லவா?

2017-ஆம் ஆண்டுக் கோடையில் எலிஸே அருங்காட்சியகமே ஸ்லைடின் வரலாற்றைப் பற்றித் தனிக் கண்காட்சி ஒன்று நடத்தியது. திரையில் விழும் படம் வேறு, தாளில் இருக்கும் படம் வேறு என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை என்பதற்கு இது சான்று. அந்த அறிவு மாளிகைக்குள்ளேயே நின்றுவிடாமல் தோட்டத்துக்கும் இறங்கி வர வேண்டும் என்பதே என் ஆசை.

இசையைப் பற்றியும் ஒரு சொல். இரவு விழாக்களில் படங்களுக்குப் பின்னணி இசை சேர்ப்பது எங்கும் பரவிவிட்ட பழக்கம். ஐந்து நொடிக்கு ஒரு படம் மாறும். சோகமான இடத்தில் வயலின் அழும். கூடத்துச் சுவரில் இருக்கும் புகைப்படத்தின் முன் நீங்கள் ஐந்து நொடியும் நிற்கலாம், அரைமணியும் நிற்கலாம். மூலையில் தெரியும் ஒரு கிழிந்த செருப்பைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இரண்டு நிமிடம் ஆகலாம். அந்த உரிமையைத் திரை பறித்துக்கொள்கிறது. எப்போது அழ வேண்டும் என்பதையும் வயலின் முடிவு செய்துவிடுகிறது. அசையாமை என்பது புகைப்படத்தின் பலம். அதைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சுமாரான சினிமா. ஸ்லைடுகளையும் இசையையும் சேர்த்தே தம் கலையாக்கிய நான் கோல்டின் போன்றவர்கள் வேறு. அங்கே எத்தனை நொடி, எந்தப் பாட்டு என்பதையெல்லாம் எடுத்தவரே முடிவு செய்தார். இறந்துபோன ஒருவரின் வெள்ளித் தாள் படங்களுக்கு வேறொருவர் வயலின் சேர்ப்பதை நான் ரசிக்கவில்லை. ஒரு திரையையாவது ஒலியின்றி விட்டு, படத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இன்னொன்று உண்டு. ஒவ்வொரு திரையின் காலடியிலும் ஒரு சிறு பலகை வைக்கலாம். ‘இதன் மூலம் தாளில் அச்சிட்டது, அகலம் இத்தனை செ.மீ.; ஆண்டு இது’ என்று மூன்று வரி. மூலத்தின் உண்மையான அளவில் ஒரு வெற்றுச் சட்டத்தைப் பலகையின் பக்கத்திலேயே மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. எட்டு மீட்டர்த் திரையையும் உள்ளங்கைச் சட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கும் சிறுவனுக்கு விளக்கவுரை தேவைப்படாது. விழா இரவில் மாளிகையின் உள்ளேயும் கண்காட்சி திறந்திருக்கும். தோட்டத்துத் திரைகளில் காட்டிய படங்களில் ஒன்றின், ஒரே ஒன்றின், மூலத்தையாவது உள்ளே 50 லக்ஸில் வைத்து, ‘இப்போது இதைப் போய்ப் பாருங்கள்’ என்று திரையிலேயே எழுதிக் காட்டலாம். வரிசை நீளும். பத்து மணி வெளிச்சத்திலிருந்து உள்ளே போகிறவர்களின் கண் மங்கலுக்குப் பழக அந்த வரிசையில் நிற்கும் நேரம் உதவியாகவும் இருக்கும். நம் விழித்திரை முழு இருட்டுக்குப் பழகச் சுமார் அரைமணி கேட்கிறது.

2022-இல் அந்த அருங்காட்சியகம் எலிஸே மாளிகையை விட்டு, லோசான் ரயில் நிலையத்தின் அருகில் கட்டிய புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. மாளிகையின் பெயரை மட்டும் தன்னோடு எடுத்துச் சென்றிருக்கிறது. புகைப்படக் கூடங்கள் அங்கே கீழ்த்தளத்தில் உள்ளன. நண்பகலிலும் எவ்வளவு ஒளி வேண்டுமோ அவ்வளவு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்து அந்தியின் தொல்லை இல்லை. புல்தரையும் ஏரிக் காற்றும் இல்லை.